வீக்ஸ்வில்லின் நான்கு வீடுகள்

1968 ஆம் ஆண்டில் சிறு விமானமொன்று நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதிக்கு மேலாகப் பறந்தது. செலுத்தியவர் ஜோசப் ஹேய்ன்ஸ்; உடனிருந்தவர் ஜேம்ஸ் ஹேர்லி என்னும் வரலாற்றாய்வாளர். பழைய ஏடுகளில் பெயர் மாத்திரம் எஞ்சிய கறுப்பின மக்களின் ஊரொன்றை அவர்கள் தேடிக்கொண்டிருந்தனர். கோடிட்டாற்போல் கிடந்த தெருக்களின் நடுவே, அவற்றோடு இசையாத பழைய ஒழுங்கையொன்று தென்பட்டது. அதன் ஓரத்தில் நான்கு மரவீடுகள் நின்றன.

அந்த ஊர் வீக்ஸ்வில். அது தோன்றிய காரணத்தை அறிய வாக்குரிமையின் கதையை அறிதல் வேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827 இல் ஒழிந்தது. ஆயினும் 1821 இன் அரசியலமைப்பு, 250 டொலர் பெறுமதியான நிலம் இல்லாத கறுப்பின ஆடவர் வாக்களிக்கலாகாதென விதித்திருந்தது. வெள்ளை ஆடவருக்கோ சொத்துத் தகைமை அக்காலத்திலேயே அகற்றப்பட்டுவந்தது. 1838 இல் துறைமுகத் தொழிலாளியான ஜேம்ஸ் வீக்ஸ், ஹென்றி தொம்சன் என்ற மற்றொரு கறுப்பினத்தவரிடம் காணி வாங்கினார். பலர் அவரைத் தொடர்ந்தனர். காணி உறுதியே அவர்களுக்கு வாக்குச்சீட்டாயிற்று. 1850 களில் அங்கு ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்தனர். பாடசாலையும் தேவாலயங்களும் அநாதை இல்லமும் பத்திரிகையும் தோன்றின.

1863 இல் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து மன்ஹாட்டனில் கலகம் மூண்டது. 300 டொலர் செலுத்திய செல்வந்தன் போருக்குச் செல்லாது தப்பலாம். ஏழை தப்ப இயலாது. இந்த அநீதியால் எழுந்த ஏழை வெள்ளையரின் சினம் செல்வந்தரைச் சுட்டதைவிடக் கறுப்பின மக்களையே கொடிதாகச் சுட்டது. உழைப்போரைப் பிரித்தாளும் சூழ்ச்சிக்கு இதனினும் கசப்பான உதாரணம் வேண்டுமோ? உயிர்தப்பி ஓடிவந்தோருக்கு வீக்ஸ்வில் அடைக்கலமளித்தது.

பின்னர் பெருநகரம் அவ்வூரை விழுங்கியது. புதிய தெருக்கள் பழைய பாதைகளை அழித்தன, பெயரும் மறக்கப்பட்டது.

விமானம் பறந்த காலத்தில், நகரச் சீரமைப்பின் பெயரால் அயலிலிருந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இடிபாட்டினுள் இறங்கித் தோண்டியோருள் அப்பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளும் சாரணரும் இருந்தனர். தகட்டில் பதிந்த பழைய புகைப்படமொன்று கிடைத்தது: நேராக நோக்கும் கறுப்பினப் பெண்ணொருத்தி. அவள் பெயரை இன்றுவரை எவரும் அறியார். வீக்ஸ்வில் சீமாட்டி என்றே அழைக்கின்றனர். மன்னர்களின் ஆண்டு வரிசையை ஒப்புவிக்கச் செய்து வரலாறு கற்பிக்கும் எம்போன்ற ஆசிரியர்களுக்கு, மண்படிந்த கைகளோடு நின்ற அப்பிள்ளைகளை நினைக்கச் சற்று நாணமே உண்டாகின்றது.

அப்பிள்ளைகள் வீடுகளைக் காக்கப் பணம் சேர்த்தனர். நகரின் நினைவுச்சின்ன ஆணைக்குழுவின் முன் சென்று பேசவும் செய்தனர். 1970 இல் நான்கு வீடுகளும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. ஜோன் மேனாட் என்ற பெண்மணி பல தசாப்தங்கள் அவற்றுக்காக உழைத்தார். 2005 இல் புதுப்பிக்கப்பட்ட வீடுகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

ஆனால் சின்னமென அறிவிப்பது எளிது. கூரையைப் பேணுவதற்கும் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் பணம் வேண்டும். 2019 இல் அந்நிலையம் மூடப்படும் தறுவாயை அடைந்தது. பகிரங்க வேண்டுகோளைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் தம்மாலியன்ற சிறு தொகைகளை அனுப்பினர். அதற்குப் பின்னரே, நிரந்தர உதவி பெறும் நிறுவனங்களின் வரிசையில் நகராட்சி அதனையும் சேர்த்துக்கொண்டது.