கூலி என்னும் சொல்: பினாங்குத் துறையில் இறங்கியோர் வரலாறு

இன்றைய பொழிவை ஒரு சொல்லிலிருந்து தொடங்க விழைகின்றோம். அச்சொல் 'கூலி'. அரசாணைகளையும் கப்பல் பட்டியல்களையும் கொண்டு வரலாறு எழுதுவோர் உளர். எமக்கு வாய்த்த ஆவணம் சொற்களே. பினாங்குத் துறையில் வந்திறங்கிய எளிய தமிழரைப் பற்றி அவை கூறுவனவற்றை இங்கு எடுத்துரைக்க முயல்வோம்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் இச்சொல்லை ஆள்கின்றார். ஊழ் துணை நில்லாவிடினும் உடல் வருந்திய அளவுக்குப் பயன் கிட்டும் என்பது அக்குறளின் கருத்து. அப்பயனைச் சுட்டவே அவர் 'கூலி' என்றார். அங்கே கூலி என்பது உழைப்பின் ஊதியம். உழைத்தவனின் பெயர் அன்று. தமிழ்நாட்டில் இன்றும் 'கூலிக்குப் போனான்', 'கூலி வாங்கினான்' என்பதே வழக்கு. மனிதனைக் குறிக்க வேண்டுமாயின் 'கூலியாள்', 'கூலிக்காரன்' என்று மற்றொன்றைச் சேர்த்தாக வேண்டும். கடல் கடந்தபின் அந்த 'ஆள்' உதிர்ந்து 'கூலி' மட்டும் நின்றது. ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. பின்னர் வசையும் ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தமை மாணவர் அறிந்ததே.

குசராத்துப் பகுதியின் கோலி இனப் பெயரே இதன் மூலம் என்பாரும் உளர். இரண்டு ஊற்றுகளும் கலந்திருத்தல் கூடும். மலாய்மொழியும் இதனை ஏற்றுக்கொண்டது. சீனர் இவ்வொலியை எழுத எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகளுக்குக் கசப்பு, வலிமை என்பன பொருள். ஒலிபெயர்ப்பே உரையாகவும் அமைந்துவிட்டது.

பினாங்குக்கு வருவோம். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1794இல் அவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையைச் சேர்ந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் இங்கே குடியிருப்பதை அதில் குறிக்கின்றார். அவர்களையன்றி ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பல்களில் வந்து, வணிகமும் பலவகை உழைப்பும் செய்து, சில வெள்ளிகள் சேர்ந்ததும் ஊர் திரும்புகின்றனர் என்றும், அவர்களுடைய இடத்துக்கு வேறு சிலர் வருகின்றனர் என்றும் எழுதுகின்றார். 'சில வெள்ளிகள்' என்னும் தொடரிலேயே நாம் நெடுநேரம் நின்றதுண்டு. பாய்மரக் கப்பலில் வங்கக் கடலை இருமுறை கடப்பது அந்தச் சில வெள்ளிகளுக்காக. கரையிலிருந்து கணக்கெடுத்தவருக்கு அது சிறுதொகை. அதனைக் கச்சையில் முடிந்துகொண்டு திரும்பியவருக்கு அது ஒரு காணி நிலமோ தங்கையின் திருமணமோ ஆகியிருக்கலாம்.

இதே தீவுக்கு 1802இல் வேறொரு கூட்டமும் வந்தது. முந்தைய ஆண்டின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் வேங்கை பெரிய உடையணத் தேவரும் பிறரும் நாடு கடத்தப்பட்டு இங்கே கொணரப்பட்டனர். அவர்களை நம் பாடநூல்கள் அறியும், அறிதல் முறையே. ஆயினும் அதே கரையில், அதே ஆண்டில், கை வீசி இறங்கிய கூலியாளின் பெயரை எந்நூலும் அறியாது.

பண்டைத் தமிழர் இவ்வகையில் நம்மினும் பெருந்தன்மையர். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டு வீழ்ந்தவனுக்கு அவர்கள் கல் நட்டனர். செங்கம் பகுதி நடுகற்களில் பொறிக்கப்பட்டோருள் மன்னர் அல்லாத எளிய மறவர் பலர். ஊரின் மாடுகளைக் காத்தான் என்பதே அவர்தம் தகுதி. வீரம் என்பதை முடியாட்சியோடு மட்டும் பிணைக்காத மரபு அது. அந்த 'நிரை' என்னும் சொல்லைச் சற்று நினைவில் வைத்திருங்கள். கடலுக்கு இப்பால் அதனை மீண்டும் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்தில், இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கப்பல் கட்டணம் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. கூலியிலிருந்து அது கழிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறிப் போனால் சிறை. அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை நிலைத்தது. 'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் மரூஉ. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் சொத்தை மேற்பார்ப்போரைக் குறித்து வந்த மதிப்புமிக்க சொல் அது. தோட்டத்தில் அச்சொல் தன் ஊரில் தன் உறவினரையே ஆள்பிடித்து வந்தவனுக்குப் பெயராயிற்று. தான் கொணர்ந்தவருள் எத்தனை பேர் அன்றாடம் வேலைக்கு இறங்கினரோ அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு. நோயுற்றவனையும் அவன் ஏன் எழுப்பினான் என்பது இதனால் விளங்கும்.

நாகப்பட்டினத்து முகாமில் காத்திருந்து, கப்பலின் மேல்தட்டில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்து, பினாங்கை அடைந்தவர் உடனே ஊருக்குள் நுழைய இயலாது. ஜெரஜாக் தீவில் தொற்றுநோய் ஒதுக்கிடம் இருந்தது. அதே தீவில் தொழுநோயாளர் குடியிருப்பும் இருந்தது. புதுநாட்டின் முதற்காட்சி அதுவாக அமைந்தவர் எத்துணையரோ! 'மானம் கப்பலேறிற்று' என்று நாம் எளிதாகச் சொல்கின்றோம். மானத்தைக் காத்துக்கொள்ளவே கப்பலேறியோர் இவர். ஊரில் கடன்காரன் முன்னும், சாதியின் பெயரால் தள்ளி நிறுத்தியவன் முன்னும் நில்லாதிருக்க வேண்டும் என்பது பலருக்குப் பயணக் காரணம். வந்த இடத்திலும் கடனும் ஆணையும் காத்திருந்தன என்பது வேறு செய்தி.

தோட்டத்தின் ஒரு நாளை அதன் சொற்களாலேயே சொல்லிவிடலாம். விடியுமுன் 'பெரட்டு', ஆங்கிலத்து 'பரேடு' தமிழ்நாவில் உருண்ட வடிவம். பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் வேளை அது. கைக்குழந்தையை 'ஆயாக்கொட்டகை'யில் விட்டுவிட்டுத் தாய் தன் 'நிரை'க்குச் செல்வாள். இங்கே நிரை என்பது அவளுக்கென ஒதுக்கப்பட்ட மரவரிசை. மரத்தைக் குளிர்வேளையில் கீறினால்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் ஒழுக்குத் தளரும். ஆதலின் இருளிலேயே தொடங்க வேண்டும். பட்டையை மட்டும் சீவ வேண்டும். உட்தண்டில் கத்தி பட்டால் மரம் காயப்படும். காயத்துக்கு ஏச்சும் தண்டமும் உண்டு. பிறகு சேர்ந்த பாலைக் 'காண்டா'வில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வளவுக்கும் 1920களின் இறுதியில் செபராங் பிறை போன்ற பகுதிகளில் வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவள் நிரையில் மரங்கள் பத்துக் காசுக்குரியவை குறைவாக இருந்தன என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த உலகப் பொருளாதாரச் சரிவில் இக்கூலியும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் புறப்பாட்டைத் தடுத்தபோது கங்காணி முறையும் முடிவுற்றது.

தோட்டச் சொற்களைத் திரட்டச் சென்ற நாளொன்றில் மூதாட்டி ஒருவரிடம், "எத்தனை ஆண்டுகள் பால் வெட்டினீர்கள், அம்மா?" என்று வினவினோம். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கைவிட்டார். "வருசக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. என் நெரையில நின்ன மரத்த ரெண்டு வாட்டி சாச்சுப்புட்டு மறுபடி கன்னு வச்சாங்க. ரெண்டு வாட்டியும் நான்தான் கத்தி போட்டேன்" என்றார். ஒரு ரப்பர் மரம் ஏறத்தாழ முப்பதாண்டு பயன் தரும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நாம் அன்று கொண்டுபோன வினாநிரலில் அந்த விடையை எழுதக் கட்டம் இல்லை.

'காண்டா' என்றோம் அல்லவா? தோளில் தண்டு வைத்து இருபுறமும் சுமை தொங்கவிட்டு நடப்பதை மலாய்மொழி 'கண்டார்' என்னும். தோட்டத் தமிழர் அதனைக் காண்டாவாக்கினர். ஜார்ஜ்டவுன் நகரிலோ அது உணவின் பெயராயிற்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர்க்காகத் தமிழ் முசுலிம்கள் ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாகத் தண்டில் சுமந்து விற்றனர். அதுவே 'நாசி கண்டார்'. இன்று இத்தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணியர் வரிசையில் நின்று உண்பது அந்தச் சுமையின் பெயரைத்தான். தமிழில் அதே தண்டுக்குக் காவடி என்று பெயர். தைப்பூசத்தில் தண்ணீர்மலை நோக்கி அது முருகனுக்காகத் தோளேறுகிறது. ஆண்டெல்லாம் பிறர்க்குச் சுமந்த தோள் ஒரு நாள் தன் விருப்பத்தால் சுமப்பதை அங்கே காண்கின்றோம் என்று எமக்குத் தோன்றுவதுண்டு. இது மொழியியல் முடிபு அன்று, எம் எண்ணம்.

நகரத்தில் இன்னும் பலர் இருந்தனர். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில் துணி வெளுத்தோர், சாலை அமைத்தோர், சூலியா வீதியிலும் அதனைச் சுற்றியும் சிறுகடை வைத்தோர். 'பெங்காலி ரொட்டி' என்று இவ்வூரில் வழங்கும் ரொட்டி, கூட்டாக முதலிட்ட தமிழ்ப் 'பங்காளி'களால் அப்பெயர் பெற்றது என்பர். சொல்லாராய்ச்சியாளராக இதற்கு உறுதிகூற மாட்டோம். ஆனால் அப்படியொரு கதையை வழிவழியாகச் சொல்லிவந்தவர் பங்கிட்டு வாழ்ந்ததையே பெருமையாகக் கருதினர் என்பதில் ஐயமில்லை. 1816இல் தொடங்கிய பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்பும் அமைந்தது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதனைக் கொண்டாடுகின்றோம். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியருள் பலர் அந்த 40 காசிலிருந்து வாங்கப்பட்ட பலகையில் முதலெழுத்து எழுதியவர்களின் மக்களோ பேரரோ ஆவர்.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததா? 1906 டிசம்பரில் பதினைந்து பிலிப்பினோத் தொழிலாளர் ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்ட வேலைக்கு இறங்கினர். வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டத்தாருக்கு அவர்கள் உடன்பிறப்பினர் எனலாம். அவர்களைத் தொடர்ந்து பேரெண்ணிக்கையில் அந்நாட்டினர் வெளியேறினர்; இன்றும் வெளியேறுகின்றனர். 1988இல் அதிபர் கொராசோன் அக்கினோ, அயல்நாட்டில் உழைக்கும் தம் மக்களைப் 'பாகோங் பயானி' என்று அழைத்தார். 'புதிய வீரர்' என்பது பொருள். வீட்டுவேலை செய்யும் பெண்ணை வீரர் என்று அழைக்க ஒரு மொழி முன்வந்தது சிறப்பே. அப்பட்டத்தால் அரசுக்குச் செலவில்லை, அவர்கள் அனுப்பும் பணத்தால் வரவுண்டு என்று அந்நாட்டினரே குறை கூறுவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் நம் மொழியில் எதிர்த்திசையன்றோ நிகழ்ந்தது! வள்ளுவர் உயர்த்திய சொல்லை உலகம் வசையாக்கியது. நாமும் அதனை வசையாகவே ஏற்று, 'நாங்கள் கூலிகள் அல்லர்' என்று சொல்லிக்கொள்ளக் கற்றோம்.

இவ்வூரில் 'கப்பித்தான் கெலிங்' பள்ளிவாசல் உள்ளது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்த 'கெலிங்' ஒருகாலத்தில் இழிவு சுட்டாத இயல்பான சொல். பின்னர் அது தமிழரைப் பழிக்கும் சொல்லாகத் திரிந்தது. அகராதியில் அதற்கு இடமளித்தது பற்றிப் பூசல்களும் எழுந்தன. அப்பழிப்பின் வலியை நாம் நன்கறிவோம். ஆயினும் நாட்டின் பெயர் எவ்வாறு வசையாகும் என்பதை அறிய நாம் பழைய ஆவணங்களைத் தேட வேண்டியதில்லை. வங்காள தேசத்திலிருந்து வந்து நம் கட்டடங்களை எழுப்புவோரையும் நம் உணவகங்களில் தட்டுக் கழுவுவோரையும் நம் வீடுகளில் எவ்வாறு குறிப்பிடுகின்றோம்? 'பங்ளா'. ஆள் உதிர்ந்துவிட்ட இன்னொரு சொல்.

பிறரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. எம் இல்லத்தருகே நாசி கண்டார் கடையொன்று உண்டு. அதில் நான்காண்டுகளாக எமக்குத் தேநீர் கொணர்ந்துவந்த இளைஞரை நாமும் அச்சொல்லாலேயே அறிந்திருந்தோம். இப்பொழிவுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒருநாள் அவரிடம் பெயர் கேட்டோம். சொன்னார். ஆற்றங்கரையில் உள்ள தம் ஊரின் பெயரையும், மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் தங்கை பள்ளியில் படிப்பதையும் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி எம் பெயரைக் கேட்டார். அதுகாறும் அவருக்கு நாம் 'பாஸ்'.