'ஃப்ரீ' சாஃப்ட்வேருக்கு அரசு ஏன் பணம் கட்டணும்? ஓபன் சோர்ஸ் சப்போர்ட் செலவு: முழு விளக்கம்

சாதிச் சான்றிதழோ, பட்டா மாறுதலோ... கடலூர் கலெக்டர் ஆபீஸ் முதல் சிதம்பரம் தாலுகா ஆபீஸ் வரை இன்று எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான் நகர்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 'பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுடலாமே, அது ஃப்ரீதானே?' என்று பலரும் கேட்கிறார்கள். ஃப்ரீதான். ஆனால், செலவே இல்லை என்று அர்த்தமில்லை.

ஓபன் சோர்ஸ்னா என்ன?

ஒரு சாஃப்ட்வேரின் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்றால் அது ஓபன் சோர்ஸ். லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், போஸ்ட்கிரெஸ் எல்லாம் இந்த வகைதான். பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவுவது, பழுது பார்ப்பது, பாதுகாப்பு அப்டேட் போடுவது, ஊழியருக்குப் பயிற்சி தருவது எல்லாம் மனித உழைப்பு. அதற்குத்தான் பணம்.

சப்போர்ட் இல்லைன்னா என்ன ஆகும்?

ஒரு உதாரணம். சிதம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் லினக்ஸ் போட்டாச்சு. திங்கட்கிழமை காலையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. டிஜிட்டல் கையெழுத்து போடும் யு.எஸ்.பி டோக்கனை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டில் அடித்த பழைய ஃபைலைத் திறந்தால் எழுத்தெல்லாம் தாறுமாறாகத் தெரிகிறது. மூன்றுமே சரிசெய்யக்கூடிய பிரச்சினைகள்தான். ஆனால் சரிசெய்ய வேண்டியவர் சென்னையில் இருந்தால்? வரிசையில் நிற்கும் மக்கள் 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடுதான் திரும்ப வேண்டும். கடைசியில் பழி லினக்ஸ் மேல் விழும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. 2006-க்குப் பிறகு சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி தமிழக அரசு துறைகளுக்கு அறிவுறுத்தியது. அப்படியும் பல அலுவலகங்களில் இன்றும் விண்டோஸ்தான். ஆணை மட்டும் போதாது, கூடவே ஆளும் வேண்டும்.

மத்திய அரசு விதி என்ன சொல்லுது?

2015-ல் வந்த ஓபன் சோர்ஸ் கொள்கைப்படி, மத்திய அரசுத் துறைகள் டெண்டர் கோரும்போது ஓபன் சோர்ஸுக்கு முன்னுரிமை தர வேண்டும். அதைத் தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும். முக்கியமான விஷயம்: ஒப்பிடும்போது வாங்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பாதுகாப்பு, வாழ்நாள் செலவு, சப்போர்ட் தேவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மாநிலங்கள் விரும்பினால் இதைப் பின்பற்றலாம்.

பணம் யாருக்குப் போகும்? 4 வழிகள்

• கம்பெனி சந்தா: ரெட் ஹேட், சூசே போன்ற நிறுவனங்களுக்கு ஆண்டுக் கட்டணம்.

• அரசு அமைப்பு: சி-டாக், என்.ஐ.சி போன்றவை வழியாக.

• உள்ளூர் ஏ.எம்.சி: மாவட்டத்திலேயே இருக்கும் சிறு நிறுவனத்துடன் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வருபவர்களுக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைக்கவும் இது ஒரு வழி.

• சொந்த ஆட்கள்: துறையே ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்வது.

நான்காவது வழிக்குக் கேரளா நல்ல உதாரணம். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 'கைட்' என்ற அரசு நிறுவனம் தனக்கென லினக்ஸ் பதிப்பை உருவாக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2019-ல் அந்த நிறுவனம் சொன்ன கணக்குப்படி லைசென்ஸில் மிச்சம் சுமார் 3,000 கோடி ரூபாய். ஆனால் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் அரசு தொடர்ந்து செலவு செய்கிறது.

உருவாக்கியவங்களுக்கும் பணம் போகணுமா?

2014-ல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை உலகம் முழுக்க இணையதளங்களைப் பதற வைத்தது. அந்த ஓட்டை இருந்த ஓபன் எஸ்.எஸ்.எல் சாஃப்ட்வேருக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். இப்படி நடக்காமல் இருக்க, ஜெர்மனி அரசு 2022-ல் தனி நிதியமே தொடங்கியது.

டெண்டரில் எதைக் கவனிக்கணும்?

சப்போர்ட்டுக்குத் தனி வரியில் தொகை இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? மாவட்டத்திலேயே இருக்கிறாரா? பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு? ஒப்பந்தம் முடிந்தால் மூல நிரலும் டேட்டாவும் துறையிடமே இருக்குமா?

இந்தக் கேள்விகளை நீங்களும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய்தான். லைசென்ஸில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கு சப்போர்ட்டுக்குப் போனால்தான், கவுன்ட்டரில் 'சிஸ்டம் வேலை செய்யல' என்ற பதில் குறையும்.