பாடலுக்கு உரை காண்போர்: ராக் இசை இரசிகர்தம் பொருள் விவாத வரலாறு

அச்சில் படிக்கப்பெறும் கவிதைக்கு ஒரு மூலபாடம் உண்டு. படிப்பவர் பொருளில் ஐயுறலாம். சொல்லில் ஐயுறுவது அரிது. செவிவழி வரும் பாடலின் நிலை வேறு. கிதாரின் முழக்கமும் டிரம்மின் அதிர்வும் குரலை மூடும்போது, பாடப்பட்ட சொல் இன்னதுதானா என்னும் ஐயமே முதலில் எழுகிறது. சொல்லைத் துணிந்த பின்னரே பொருளைத் துணிய இயலும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த ராக் இசை, இவ்விரு ஐயங்களையும் ஒருங்கே தன் இரசிகர்க்குத் தந்தது. அவர்களும் சளைக்கவில்லை. கல்லூரி விடுதிகளிலும், வானொலி நிலையத் தொலைபேசிகளிலும், மாணவர் இதழ்களிலும் பாடலுக்கு உரை காண்பதைத் தம் பெரும்பணியாகக் கொண்டனர்.

இப்பணியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அதன் வரலாற்றில் நகைப்புக்குரிய நிகழ்ச்சிகளோடு கொலைவழக்கும், அரசின் புலனாய்வும், நீதிமன்றத் தீர்ப்பும் கலந்துள்ளன. ஒரு பாடலின் பொருள் யாருக்கு உரியது என்னும் வினா எவ்வளவு கனமானது என்பதை அவை உணர்த்துகின்றன.

சொல் விளங்காத பாடல்

1957இல் ரிச்சர்டு பெர்ரி என்பவர் ‘லூயி லூயி’ என்னும் தம் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டார். ஜமைக்காவில் தன் காதலியை விட்டுவந்த மாலுமி ஒருவன் தன் ஏக்கத்தை மதுக்கடைக்காரனிடம் சொல்வதே அப்பாடலின் பொருள். எவரும் குறை காணவியலாத எளிய காதற்பாடல் அது. 1963 ஏப்ரலில் போர்ட்லாந்து நகரில் கிங்ஸ்மென் குழுவினர் அதனை மீண்டும் பதிவு செய்தனர். ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியது. பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாட வேண்டியதாயிற்று. சொற்கள் மழுங்கின.

மழுங்கிய இடங்களை இளைஞர்கள் தம் கற்பனையால் நிரப்பினர். பாடலில் ஆபாசச் சொற்கள் மறைந்துள்ளன என்ற பேச்சுப் பரவியது. ‘உண்மையான வரிகள்’ எனக் கையால் எழுதப்பட்ட தாள்கள் மாணவரிடையே கைமாறின. அவை ஒன்றோடொன்று ஒவ்வாத பாடபேதங்களாக இருந்தன என்பது கருதத்தக்கது. 1964இல் பெற்றோர் தரப்பிலிருந்து அமெரிக்க அரசுக்கு முறையீடு சென்றது. இந்தியானா மாநில ஆளுநர் அப்பாடலை ஒலிபரப்ப வேண்டாம் என வானொலி நிலையங்களைக் கேட்டுக்கொண்டார். புலனாய்வு அமைப்பாகிய எஃப்.பி.ஐ. இரண்டாண்டுகளுக்கும் மேலாக இதனை ஆராய்ந்தது. இசைத்தட்டைப் பல்வேறு வேகங்களில் சுழற்றிக் கேட்டும் சொற்கள் விளங்கவில்லை என்பதே அவ்வாய்வின் முடிவு.

பேரரசு ஒன்றின் ஆய்வுக்கூடம் கண்டறிய முடியாததை ஒவ்வோர் இளைஞரும் தெளிவாகக் கேட்டதாகக் கூறினர் என்பது சிரிப்பை வரவழைக்கலாம். எனினும் அதில் ஓர் உண்மை உண்டு. மூலபாடம் இல்லாத இடத்தில் கேட்பவரின் எதிர்பார்ப்பே மூலபாடமாகிவிடுகிறது.

அச்சேறிய வரிகள்

1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு வெளிவந்தபோது, அதன் உறையின் பின்புறத்தில் பாடல் வரிகள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. இது ராக் இசை வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். சொல் பற்றிய ஐயம் நீங்கியது. இரசிகர் இப்போது கேட்போராக மட்டுமன்றிப் படிப்போராகவும் ஆயினர்.

சொல் தெளிந்தமையால் பொருள் தெளிந்துவிடவில்லை. விவாதம் முன்னிலும் மிகுந்தது. ‘லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ என்னும் தலைப்பின் பெயர்ச்சொற்களுடைய முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளைக் குறிப்பதாக இரசிகர் கண்டனர். ஜான் லென்னன் அதனை மறுத்தார். தம் மகன் ஜூலியன் பள்ளித் தோழியை வரைந்து கொணர்ந்த ஓவியமே பாடலுக்கு வித்து என்று அவர் இறுதிவரை கூறினார். ஆனால் அப்பாடலை உடனிருந்து எழுதிய பால் மெக்கார்ட்னி, 2004இல் அளித்த நேர்காணலில் போதைப்பொருட் குறிப்பு வெளிப்படையானதே என்ற கருத்தைத் தெரிவித்தார். படைத்தவர் இருவரே இருவேறு உரை கூறும்போது இரசிகர் எவருக்குச் செவிசாய்ப்பது? ‘ஆசிரியரைக் கேட்டால் போயிற்று’ என்னும் எளிய தீர்வு இங்கே கைகொடுக்கவில்லை.

உரைகாரரின் ஆர்வத்தை லென்னன் விளையாட்டாகவும் எதிர்கொண்டார். லிவர்பூலில் அவர் பயின்ற பள்ளியின் மாணவர் ஒருவர், தம் வகுப்பில் பீட்டில்ஸ் பாடல்களை ஆசிரியர் பொருளாய்வு செய்விப்பதாக அவருக்கு மடல் எழுதினார். அதனைக் கண்டு நகைத்த லென்னன், எவராலும் விளக்க முடியாதபடி வேண்டுமென்றே ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ பாடலில் பொருத்தமற்ற சொற்களை அடுக்கினார் என்று அவர்தம் இளமைக்கால நண்பர் பீட் ஷாட்டன் தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். விளைவு நேர்மாறாயிற்று. மிகுதியாக உரை காணப்பட்ட பாடல்களுள் அதுவும் ஒன்றாயிற்று. வால்ரஸ் என்னும் கடல்விலங்கை லூயிஸ் கரோலின் கவிதையிலிருந்து எடுத்த லென்னன், அக்கவிதையில் வால்ரஸ் தீய பாத்திரம் என்பதைப் பின்னரே உணர்ந்ததாக 1980இல் கூறினார். தாம் கையாண்ட குறியீட்டின் முழுப்பொருளைக் கவிஞரும் பின்னர்த்தான் கற்கிறார் என்பதற்கு இது நல்ல சான்று.

குறிப்புகளைத் தேடிய இலையுதிர்காலம்

1969 செப்டம்பரில் அயோவா மாநில மாணவர் இதழ் ஒன்று, பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டாரா எனும் வதந்தியைப் பற்றி எழுதியது. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் வானொலி அறிவிப்பாளர் ரஸ் கிப்பை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு பாடலைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்கும்படி கூறினார். இரண்டே நாட்களில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் பிரெட் லாபூர் என்னும் மாணவர், ‘ஆபி ரோடு’ இசைத்தட்டுக்கு மதிப்புரை எழுதுவதற்கு மாறாக இறப்புச் சான்றுகளின் நீண்ட பட்டியலை வெளியிட்டார். அவற்றுட் பல அவர் தாமே புனைந்தவை.

உறைப்படத்தில் நால்வரும் சாலையைக் கடக்கும் காட்சி சவ ஊர்வலமாகக் காணப்பட்டது. வெறுங்காலுடன் நடந்த மெக்கார்ட்னி பிணம். வெண்ணுடை அணிந்த லென்னன் சமயகுரு. நின்றிருந்த காரின் பதிவெண் பலகையில் ‘28 இஃப்’ என்று படிக்கத்தக்க எழுத்துகள் இருந்தன. உயிரோடிருந்தால் 28 வயது என்பதே அதன் பொருள் என்றனர். அவருக்கு அப்போது வயது 27தான் என்று மற்றோர் இரசிகர் சுட்டிக்காட்ட, கருவுற்ற நாள்முதல் கணக்கிட வேண்டும் என்று சமாதானம் கூறப்பட்டது.

நவம்பரில் ‘லைஃப்’ இதழ், ஸ்காட்லாந்துப் பண்ணையில் குடும்பத்தோடு இருந்த மெக்கார்ட்னியின் படத்தையும் நேர்காணலையும் வெளியிட்டது. வதந்தி அடங்கலாயிற்று. இவ்விவாதத்தால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஒருவர் கூறிய சான்றை மற்றொருவர் மறுக்க இடமிருந்தது. கேலி செய்யவும் இடமிருந்தது. வெளியுலகில் சரிபார்க்கத்தக்க ஓர் உண்மையும் இருந்தது: ஆள் உயிரோடிருந்தார்.

மறுப்பார் இல்லாத உரை

அதே 1969இன் ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவில் இதே கலையின் கொடிய வடிவம் வெளிப்பட்டது. சார்லஸ் மேன்சன் என்பவர் தம்மைச் சூழ்ந்திருந்த இளைஞர் கூட்டத்துக்கு, முந்திய ஆண்டு வெளிவந்த பீட்டில்ஸின் வெள்ளை இசைத்தட்டை மறைவாக்காக விளக்கி வந்தார். விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலை அதனோடு இணைத்தார். ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்னும் பாடல், வரவிருக்கும் இனப்போரை முன்னறிவிப்பதாகக் கூறினார். அச்சொல் பிரிட்டானியத் திருவிழாத் திடல்களில் சிறுவர் சறுக்கி விளையாடும் சுழற்கோபுரத்தின் பெயர். அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் எழுவர் கொல்லப்பட்டனர். கொலை நிகழ்ந்த வீடொன்றில் அச்சொல் குருதியால் பிழைபட எழுதப்பட்டிருந்தது. இவ்வுரையே கொலைக்குத் தூண்டுகோல் என்று அரசு வழக்குரைஞர் வின்சென்ட் புக்லியோசி வாதிட்டார். 1971இல் மேன்சனும் அவர் கூட்டத்தார் மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

மெக்கார்ட்னியின் இறப்பைத் தேடிய மாணவரும் மேன்சனும் கையாண்ட முறை ஏறத்தாழ ஒன்றே. இருவரும் மறைபொருள் தேடினர். இருவரும் தொடர்பற்றவற்றைத் தொடர்புபடுத்தினர். வேறுபாடு முறையில் இல்லை, சூழலில் உள்ளது. மேன்சனின் அவையில் எதிருரை கூற எவரும் இல்லை. ‘அது சறுக்குமரம் ஐயா’ என்று சொல்லும் ஒரு குரல் அங்கே எழவில்லை.

அரை நூற்றாண்டு விவாதம்

எதிருரைகள் பெருகியதால் வளம்பெற்ற பாடலுக்கு டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’ எடுத்துக்காட்டாகும். 1971இல் வெளிவந்த அப்பாடல் எட்டரை நிமிட நீளம் உடையது. 1959 பிப்ரவரி 3 அன்று பாடகர் பட்டி ஹாலி உள்ளிட்டோர் உயிரிழந்த விமான விபத்திலிருந்து அது தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதில் வரும் அரசன் யார், விதூஷகன் யார், சாத்தான் யார் என்பதில்தான் விவாதம். அரசன் எல்விஸ் பிரெஸ்லி, விதூஷகன் பாப் டிலன், சாத்தான் மிக் ஜாகர் என்று பலரும் உரைத்தனர். 1972இன் தொடக்கத்தில் சிகாகோ வானொலி அறிவிப்பாளர் பாப் டியர்பார்ன் பாடல் முழுமைக்கும் ஓர் உரை எழுதி ஒலிபரப்பினார். கேட்ட நேயர்க்குப் படிகளும் அனுப்பப்பட்டன.

மெக்லீன் பல பத்தாண்டுகள் விளக்கம் தர மறுத்தார். பாடலின் பொருள் என்னவென்று வினவியோர்க்கு, இனித் தாம் உழைக்க வேண்டியதில்லை என்பதே பொருள் என்று நகைச்சுவையாக விடையிறுத்தார். 2015 ஏப்ரலில் அப்பாடலின் கையெழுத்துப் படிகள் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் டாலருக்கு விலைபோயின. 2022இல் வெளிவந்த ஆவணப்படத்தில், அரசன் எல்விஸ் அல்லர், விதூஷகன் டிலன் அல்லர் என்று அவரே கூறினார். ஐம்பது ஆண்டுகள் நிலவிய உரையைக் கவிஞரின் மறுப்பு அழித்துவிடவில்லை. அவ்வுரையோடு வளர்ந்த தலைமுறைக்கு அப்பாடல், தம் காலத்தின் இழப்புகளை எண்ணிப் பார்க்கும் வாயிலாக ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது.

அதிகாரத்தின் உரை

1980களில் பாடற்பொருள் அரசியல் மன்றங்களுக்கும் சென்றது. 1984 செப்டம்பர் 19 அன்று அதிபர் ரொனால்டு ரீகன் தம் தேர்தற் பரப்புரையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களை நம்பிக்கைச் செய்தி தருவன என்று புகழ்ந்தார். அவ்வாண்டு புகழின் உச்சியில் இருந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’, வியட்நாம் போரினின்று மீண்டு வேலையின்றித் தவிக்கும் வீரனின் குரலாகும். இரண்டு நாட்களுக்குப் பின் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபர் தம் இசைத்தட்டுகளுள் எதனைக் கேட்டிருப்பார் என வினவிவிட்டு, வேலையிழந்த தொழிலாளி பற்றிய மற்றொரு பாடலைப் பாடினார். பாடலுக்குப் பாடலே உரையாயிற்று.

அடுத்த ஆண்டு அதே செப்டம்பர் 19ஆம் நாள், பாடல்களின் தீய பொருள் பற்றி அமெரிக்கச் செனட் குழு விசாரணை நடத்தியது. தம் குழுவின் பாடலொன்று வன்முறை சார்ந்த காமத்தைக் குறிப்பதாகக் கூறப்பட்டதை டீ ஸ்னைடர் மறுத்தார். அது அறுவைச் சிகிச்சை பற்றிய அச்சத்தைப் பாடுவது என்றும், தேடுபவர் தேடியதையே காண்பார் என்றும் அவர் சான்றளித்தார்.

1990இல் நெவாடாவின் ரீனோ நகர நீதிமன்றம் இன்னும் துயரமான வழக்கைக் கேட்டது. 1985இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட இரண்டு இளைஞர்தம் குடும்பத்தார், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடலில் மறைந்திருந்த கட்டளையே காரணம் என்றனர். அச்சொற்களாகக் கேட்பது, கிதாரின் ஒலியும் பாடகர் மூச்சுவிடும் ஓசையும் தற்செயலாக இணைந்த விளைவே என்று நீதிபதி முடிவுசெய்து, குழுவினர் பொறுப்பாளர் அல்லர் எனத் தீர்ப்பளித்தார். பிள்ளையை இழந்த பெற்றோர் ஒரு பொருளைத் தேடுவதில் வியப்பில்லை. அத்துயரம் மெய்யானது, அப்பொருள் பாடலில் இல்லை.

முடிவுரை

இவ்வரலாறு கவிஞர்க்கும் படிப்போர்க்கும் உணர்த்துவது யாது? கவிஞர் தம் பாடலுக்குக் கூறும் விளக்கம் மதிப்புடைய ஓர் உரை. ஆனால் இறுதியுரை அன்று. படிப்போர் விரும்பியதெல்லாம் பொருளாகிவிடும் என்பதும் உண்மையன்று. உரை எதுவாயினும் அது பாடலின் சொற்களுக்கு விடை கூற வேண்டும். பிற உரைகாரரின் மறுப்புக்கும் விடை கூற வேண்டும்.

மேன்சனின் உரை முதற்கடனை ஆற்றவில்லை. இரண்டாவதற்கு இடமே தரவில்லை. ‘அமெரிக்கன் பை’ இரசிகர் பிழைபட உரைத்திருக்கலாம். எனினும் அவர்கள் ஒருவரையொருவர் மறுத்தபடியே ஒரே பாடலை மீண்டும் மீண்டும் கேட்டனர். பாடலுக்கு நெடிய ஆயுளை அளித்தது அம்மறுப்பே. பொருள் விவாதத்தில் ஆரவாரம் உண்டு, மிகை உண்டு, சில வேளைகளில் அறியாமையும் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே குரல் மட்டும் ஒலிக்கும் அமைதியே அஞ்சத்தக்கது.