போட்டோஷாப் ஆமை ஆன கதை

போட்டோஷாப் தொங்க ஆரம்பிச்சா நம்மாளுங்க சொல்ற வைத்தியம் ஒண்ணுதான். "புது சிஸ்டம் வாங்கிடுங்க சார்!" கல்யாண ஆல்பம் செஞ்சு பிழைக்கிற சின்ன ஸ்டுடியோக்காரருக்கு அது ஒரு முகூர்த்த சீசன் வருமானம். அதைக் கொண்டுபோய்க் கொட்டறதுக்கு முன்னாடி இந்த மென்பொருளோட பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம். வியாதி எங்க இருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

1987. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல தாமஸ் நோல்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். கையில இருந்தது மேக் பிளஸ். அதோட திரைக்குத் தெரிஞ்சது கறுப்பு, வெள்ளை ரெண்டுதான். அந்தத் திரையிலயே சாம்பல் நிறப் படங்களையும் காட்ட 'டிஸ்ப்ளே'ன்னு ஒரு நிரல் எழுதினார். தம்பி ஜான் நோலுக்கு 'ஸ்டார் வார்ஸ்' புகழ் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்ல வேலை. தம்பி ஒவ்வொரு வசதியா கேட்கக் கேட்க, அண்ணன் எழுதிக்கிட்டே போனார். அடோபி உரிமம் வாங்கி, 1990 பிப்ரவரியில போட்டோஷாப் 1.0 கடைக்கு வந்துச்சு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 8க்கு 10 இன்ச் கலர் படம், 300 டிபிஐ. மொத்தம் 72 லட்சம் புள்ளி. புள்ளிக்கு 3 பைட்னா கிட்டத்தட்ட 21 எம்பி. மேக் பிளஸோட ரேம் எவ்வளவு தெரியுமா? 1 எம்பி! மெனக்கெட்டு ஏத்தினா 4. அதைவிடப் பெரிய மேக்ல கூட அப்போதைய சிஸ்டம் 6-க்கு 8 எம்பிதான் எல்லை. அப்ப 21 எம்பி படத்தை எங்க வைக்கிறது?

நம்ம வீட்டு சமையல் மேடை மாதிரிதான். இடம் பத்தலைன்னா பாதி சாமானைப் பரண்மேல ஏத்திட்டு, வேணுங்கிறப்ப இறக்கிக்குவோம் இல்லையா? படத்தைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, இப்ப வேலை நடக்கிற கட்டத்தை மட்டும் ரேம்ல வெச்சுக்கிட்டு, மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைக்கிறது. அந்தப் பரணுக்குப் பேருதான் ஸ்கிராட்ச் டிஸ்க். சிஸ்டம் 6-ல இந்த வசதியே கிடையாது, அதனால போட்டோஷாப் தானே சொந்தமா செஞ்சுக்கிச்சு. 1991-ல சிஸ்டம் 7 தன் பங்குக்கு ஒரு பரண் கட்டினப்போ ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வேலை இன்னும் மந்தமாச்சு. ஆப்பிளோடதை அணைச்சு வைங்கன்னு சொல்ற நிலைமை.

பரண் இருக்குங்கிற தைரியத்துல அப்புறம் வசதிகளா வந்து குவிஞ்சது. 1994-ல 3.0-வோட லேயர். மேல சொன்ன படத்துல முழுசா நிரம்பின லேயர் ஒவ்வொண்ணும் இன்னொரு 21 எம்பி. 1998-ல 5.0-வோட ஹிஸ்டரி. பல படி பின்னாடி போகலாம், ஆனா மாறின பழைய கட்டங்களை எல்லாம் எங்கயாவது வெச்சிருக்கணுமே! நடுவுல லைவ் பிக்சர்னு ஒரு போட்டியாளர் வேற வழியில போனார். வேலை செய்யும்போது படத்துல கையே வைக்காம, என்ன மாத்தணும்ங்கிற கணக்கை மட்டும் குறிச்சு வெச்சு, கடைசியில மொத்தமா படமாக்குறது. படு வேகம். ஆனாலும் சந்தையில நிக்கலை.

ரேம் மலிவானதும் வேற சுவர். 32 பிட் நிரலுக்கு 4 ஜிபி தாண்டி எட்டாது, நீங்க எவ்வளவு வாங்கிச் சொருகினாலும் சரி. 2008-ல சிஎஸ்4 விண்டோஸ்ல 64 பிட்டுக்குத் தாவுச்சு. 64 பிட் கார்பன் கிடையாதுன்னு ஆப்பிள் 2007-ல கைவிரிச்சதால மேக்காரங்க 2010-ல சிஎஸ்5 வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. மேக்கில பொறந்த பிள்ளை, பாவம் :-)

ஆக, ஆமை வேகத்துக்குக் காரணம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கு, பரண் மட்டும் இன்னிக்கும் அங்கயேதான். அதனால காசு எடுக்கிறதுக்கு முன்னாடி, படத்துக்குக் கீழே இருக்கிற பட்டையில 'எஃபிஷியன்சி'யைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க. 100-க்குக் கீழ இறங்கினா போட்டோஷாப் பரண் ஏறுதுன்னு அர்த்தம். பிரிஃபரன்சஸ்ல மெமரி ஒதுக்கீட்டைக் கூட்டுங்க, ஹிஸ்டரி படிகளைக் குறைங்க, ஸ்கிராட்ச் டிஸ்க்கை நிறைய காலி இடம் இருக்கிற எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. அப்பவும் ஏறலைன்னா ரேம் போடுங்க. 100-லயே நின்னுக்கிட்டுத் தொங்குதுன்னா ரேம் வாங்கிப் புண்ணியமில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர், பிளக்இன், பிராசசர்னு ஒவ்வொண்ணா பார்க்கணும்.

புது சிஸ்டம் வாங்கச் சொல்ற கடைக்காரர்கிட்ட முதல்ல அந்த எண்ணைக் காட்டுங்க. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்.