பாலைவனத்தில் பழகிய வண்டி
என் பிஎம்டபிள்யூ ஜிஎஸ் பைக் ஏறத்தாழ கால் டன். சிக்னலில் நுனிக்காலில் நிற்கும்போதெல்லாம் அதன் பாட்டன் மேல் பொறாமைதான். 1980-ல் வந்த ஆர்80 ஜி/எஸ், பெட்ரோலோடு சேர்த்தே 186 கிலோ, 50 குதிரைத்திறன். செயின் இல்லை, பின்சக்கரத்தைச் சுழற்றுவது தண்டு. அந்தச் சக்கரத்தையும் ஒரு பக்கத்து ஒற்றைக் கைதான் தாங்கும். கார் சக்கரம்போல நட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பஞ்சர் ஒட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1981 பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தை பிரெஞ்சுக்காரர் யூபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் வென்றார், 1983-லும் அவரே. அடுத்த இரண்டு ஆண்டும் பெல்ஜியத்தின் காஸ்தோன் ராயே. குள்ளமான மனிதர், வண்டியோ ராட்சத டேங்க் கட்டியது. அவர் படத்தைப் பார்த்தபின் சீட்டை ஒரு படி இறக்கிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.