கல்லணை கற்பித்த பாடம்

ஆட்சிப் பணியில் அமர்ந்தோர்க்குக் கல்வி வேண்டும், துணிவும் வேண்டும். இவ்விரண்டினும் அரியதாகிய மூன்றாவது ஒன்று உண்டு. அது, தாம் அறியாததைப் பிறரிடம் கேட்டறியும் பணிவு. அப்பணிவால் விளைந்த நன்மையையும், அஃது இல்லாமையால் விளைந்த இழப்பையும் ஒருங்கே காட்டுவது ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைத் தரணி நீரின்றி வாடத் தொடங்கியது. முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகையை உடையது. ஆதலின் வெள்ளம் அதன்வழியே ஓடிக் கடலிற் கலந்தது. காவிரியோ மணல் மேடிட்டது. கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை வேண்டும். ஆனால் எவ்வளவு தோண்டினும் பாறை தென்படாத ஆற்றுமணலில் அடித்தளம் இடுவது எங்ஙனம்?

காட்டன் கல்லணையை நோக்கினார். கரிகாலன் கட்டியதென வழிவழியாகப் போற்றப்படும் அவ்வணை பாறைமேல் நிற்பதன்று. மணலில் இட்ட பெருங்கற்கள் தம் பாரத்தால் அமிழ, அவற்றின்மேல் மேலும் கற்கள் அடுக்கப்பெற்று உறுதி கொண்டது. ஆள்வோர், ஆளப்படுவோரின் தொழிலறிவை இகழ்ந்த காலம் அது. எனினும் ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டுநரிடமே கற்றதாகக் காட்டன் பின்னாளில் எழுதிவைத்தார். அப்பாடத்தின் பயனாக 1836இல் மேலணை எழுந்தது. 1852இல் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையும் முடிவுற்றது.

மேலணை எழுந்தபின் காவிரியில் நீர் மிகுந்து படுகையை அரிக்கலாயிற்று. கட்டியதே சரியென்று எவரும் வாதிட்டு நிற்கவில்லை. 1840களில் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினர். காவிரியின் தலைப்பிலும் ஓர் அணை அமைத்தனர்.

நிற்க. மற்றொரு பக்கத்தையும் காண்போம். காட்டனின் கருத்தைப் பின்பற்றித் துங்கபத்திரையினின்று கர்நூல்–கடப்பைக் கால்வாய் 1860களில் வெட்டப்பட்டது. வெட்டியது ஒரு கம்பெனி. அதன் முதலுக்குரிய வட்டிக்குப் பிணை நின்றது அரசு. நீர் வந்தது, வாங்குவார் இலர். கரிசல் நிலத்தில் மழையை நம்பிப் புன்செய்ப் பயிர் விளைத்த உழவர், விலை கொடுத்து நீர் பெற விரும்பவில்லை. 1882இல் அக்கால்வாயை அரசே வாங்க நேர்ந்தது. வட்டிச் சுமையைத் தாங்கியது மக்களின் வரிப்பணம். இருப்புப்பாதையினும் கால்வாயே சிறந்ததென வாதிட்டவர் காட்டன். அத்துறையில் எழுத்தராக உள்ள யான் இதனை உரைப்பது பகைமையால் அன்று!

மணலை அறிந்தவரிடம் கற்றபோது அணை நின்றது. மண்ணை அறிந்தவரைக் கேளாதபோது கால்வாய் பயனிழந்தது. அறிவு ஒன்றே, பணிவுதான் வேறுபட்டது.

நம் சங்கத்து இளைஞர் பலர் அரசுப் பணியை நாடுகின்றனர். பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, ஓர் ஊரை நன்கறிந்தோர் அவ்வூராரே என்பது அன்றாட அனுபவம். கோப்பில் எழுதும் ஒரு வரி, நாம் காணாத ஊரில் ஒரு குடும்பத்தின் வயலைத் தொடும். ஆகவே, கையொப்பம் இடுமுன் அவ்வயலுக்குரியவனை ஒருமுறை கேட்பீராக. அதனால் பதவியின் பெருமை குறையாது. பணியின் பெருமை வளரும்.