ஆற்காட்டில் முதல் நாள்: வட்டியில் கரைந்த ஒரு தலைநகர்

கண்ணமங்கலத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு லண்டன் மாநகரின் கடிகாரக் கோபுரம் படங்களில் பார்த்துப் பழகிய ஒன்று. ஆனால், வேலூர் வழியாகப் பேருந்தில் சென்றால் முற்பகலுக்குள் எட்டிவிடக்கூடிய ஒரு தலைநகரை, கர்நாடக நவாபுகளின் ஆற்காட்டை, நாங்கள் சுற்றிப் பார்த்ததே இல்லை. நிக்காஹ் விருந்துகளுக்குப் போயிருக்கிறோம். மக்கன் பேடா வாங்கி வந்திருக்கிறோம். வரலாற்றைப் பார்ப்பதற்கென்று போனதில்லை. ஒரு ஞாயிறன்று சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு நண்பர்கள் ஐவரும் புறப்பட்டோம்.

ஐவரில் ஒருவர் பட்டுத்தறி நெய்பவர். மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. மறுநாள் வட்டிக்குப் பணம் வாங்கப் பத்திரத்தில் கையெழுத்திடுவதாக இருந்தார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பாலாற்றின் கரையில் டெல்லி கேட் நிற்கிறது. பெரும் கோட்டையில் எஞ்சியது பெரும்பாலும் அந்த வாயில்தான். அதன் மேலுள்ள அறையைக் கிளைவின் அறை என்று மக்கள் சொல்கிறார்கள். 1751இல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 இந்தியச் சிப்பாய்களுடன் வந்து இவ்வூரைப் பிடித்தார். சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிப் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நம் ஆரணியருகே நடந்த போரிலும் கிளைவே வென்றார். ஆங்கிலேயரின் துணையோடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் ஆட்சி நிலைபெற்றது.

அங்கிருந்து நவாப் சஆதத்துல்லா கானின் அடக்கத்தலத்திற்குச் சென்று துஆச் செய்தோம். 1710 முதல் 1732 வரை ஆண்ட அவர் காலத்தில்தான் ஆற்காடு தலைநகராகத் தழைத்தது. திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்காவையும் கண்டோம். மைசூர்ப் புலி திப்பு சுல்தானுக்கு வைக்கப்பட்ட பெயர் இந்த இறைநேசருடையதே.

ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் நிழலில் அமர்ந்திருந்தபோது தறிக்கார நண்பர் கேட்டார்: "பீரங்கி இருந்தது, படை இருந்தது, வெற்றியும் கிடைத்தது. பிறகு எதனால் பாய் எல்லாம் போயிற்று?"

கடனால் போயிற்று என்பதே வரலாறு தரும் விடை. போர்ச் செலவையெல்லாம் கம்பெனி வாலாஜாவின் கணக்கில் எழுதியது. அதை அடைக்க அவர் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தது. ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் கடன்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நவாப் சென்னைக்குக் குடிபெயர்ந்து 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார்; வட்டியும் உடன் சென்றது. அரண்மனையில் வாங்கிய கடனுக்கு வயலில் உழுதவரும் தறியில் அமர்ந்தவரும் வரி கட்டினார்கள்.

அந்தக் கடன் லண்டன் வரை சென்றது. பால் பென்ஃபீல்டு போன்ற கடன்காரர்கள் அப்பணத்தின் வலிமையால் நாடாளுமன்றத்தில் இடம் பிடித்தனர். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அந்த மன்றத்திலேயே ஆற்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து நெடிய உரையாற்றிக் கண்டித்தார். பயன் விளையவில்லை. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. அப்போது சென்னை ஆளுநராக இருந்து அதை முடித்தவர் எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். தந்தை பீரங்கியோடு நுழைந்த நாட்டை ஐம்பதாண்டு கழித்து மகன் காகிதத்தால் எடுத்துக்கொண்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. எஞ்சிய கடன்களை ஆராய 1805இல் ஆணையம் அமைந்தபோது 3 கோடி பவுண்டு அளவுக்குக் கோரிக்கைகள் குவிந்தன. பல்லாண்டு ஆய்வுக்குப் பின் அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்கப்படவில்லை. பொய்ப் பத்திரங்கள் அவ்வளவு மலிந்திருந்தன.

இதைக் கேட்டு நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மறுநாள் கையெழுத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். வரலாற்றை எங்கள் தெருவுக்கு வெளியே வைத்துப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. கூடவே இருந்தவரின் நெருக்கடியை அறியாமல் இருந்தது எங்கள் குற்றமே. வட்டி ஹராம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. கேட்பவனுக்கு வேறு வழி காட்டாத உபதேசம் பாதி உபதேசம்தான்.

குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அன்றிரவு ஊர் திரும்பியதும் நால்வரும் இயன்றதைத் திரட்டினோம். நண்பர் விருந்தைச் சுருக்கிக்கொள்ள இசைந்தார். அழகிய கடனாகக் கொடுத்த தொகையையும் தவணையையும் தாளில் எழுதி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டோம். வட்டி என்ற பத்தி அத்தாளில் இல்லை.

வேலூர்க் கோட்டையை அடுத்த பயணத்திற்கு வைத்திருக்கிறோம். நீங்களும் பிள்ளைகளை ஒருமுறை ஆற்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். டெல்லி கேட்டின் முன் நிறுத்தி, இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள்.